எதையாவது மூடுங்க

ஜனவரி 12

அன்பு மச்சானுக்கு,

நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? இருமல் விட்டதா? போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பார்க்காதே. போனில் உன் பேச்சு அப்படியே உன் அக்கா பேச்சு. "அத்தான்" என்று நீ ஆரம்பித்ததுமே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. ஆள் வந்து போகிற மூக்குக்கண்ணாடிக் கடையில் அது நன்றாகவா இருக்கும்?

விஷயம் அவள் விட்டுப்போன கம்ப்யூட்டரைப் பற்றி. சின்ன வயசில் நீங்கள் ரெண்டு பேரும் பழைய சாமான் கடையில் வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தீர்களே, அதேதான். அதைச் செய்த கம்பெனியே மூடிப்போய், நீயும் உன் கூட்டாளிகளும் அதன் சிஸ்டத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கிறோம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். அவளும் அதில் ஏதாவது செய்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "செத்துப்போனதுக்கு எதுக்குடி மருந்து?" என்று அவளைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கடை சாத்தியதும் அதில் சீட்டு ஆடுகிறேன். நடுவில் மெமரி தீர்ந்து கல்லு மாதிரி நின்றுவிடுகிறது. அணைத்துப் போட வேண்டியிருக்கிறது. வயசான மெஷின், இப்படியே போனால் ஒரு நாள் எழுந்திருக்காது. அது போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. உங்கள் புது சிஸ்டத்தில் இதற்கு ஒரு வழி பண்ணேன். மெமரி தீர்ந்தாலும் மெஷின் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தான்

*

பிப்ரவரி 2

அன்புள்ள அத்தானுக்கு,

இருமல் போயே போச்சு. உங்கள் கால் வீக்கம் வற்றியதா? உப்பைக் குறைக்கச் சொல்ல ஆள் இல்லை என்று ஆட்டம் போடாதீர்கள். கேட்க நான் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அக்கா திட்டத் திட்டச் சீட்டாடிய ஆள் இன்னும் ஆடுகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். "திறக்கத் தெரியுது, மூடத் தெரியாதா?" என்பாளே!

நீங்கள் கேட்டது சின்ன வேலை மாதிரி இருக்கிறது, ஆனால் அதுதான் தலைவலியே. அந்தக் காலத்து சிஸ்டம் முழுக்க நம்பிக்கையின் மேல் ஓடியது. எல்லா புரோகிராமும் ஒரே கூடத்தில், நடுவில் சுவரே கிடையாது. வேண்டிய மெமரியைக் கேட்டு வாங்கும், முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தர மறந்தால் மெஷினை அணைக்கும் வரை அந்த இடம் யாருக்கும் இல்லை. ஒன்று தவறிப்போய் இன்னொன்றின் பாயில் கால் வைத்தால் மொத்தமும் சேர்ந்து விழும். உங்கள் மெஷின் நிற்பது இதனால்தான்.

ஆளுக்கு ஒரு தனி அறை, பூட்டோடு தரப்போகிறேன். ஒரு புரோகிராம் வேலை முடிந்து கிளம்பினால், அது விட்டுப்போனதை சிஸ்டமே கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொள்ளும். மெமரி தீரப்போகிறதா? ரொம்ப நேரம் யாரும் தொடாததைத் தூக்கி, டிஸ்கில் எங்கே காலியோ அங்கே வைத்துவிடும். நாம் பரணில் போடுகிற மாதிரிதான். கேட்டால் இறக்கிக் கொடுக்கும்.

ஒன்றுதான் புரியவில்லை. வெறும் சீட்டாட்டத்துக்கு மெமரி தீராதே, அத்தான்? அப்படி என்னதான் திறந்து வைக்கிறீர்கள்? எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான் நான் ஆரம்பிக்க வேண்டும்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் வாலு
(அக்கா வைத்த பெயர், இனிமேல் நீங்கள்தான் கூப்பிட வேண்டும்)

*

பிப்ரவரி 18
(எழுதி, உறையில் போட்டு, அனுப்பாமல் வைத்தது)

மச்சானுக்கு,

நீ நலமா? நான் நலமில்லை.

நீ கேட்டது சரி. சீட்டாட்டத்துக்கு மெமரி தீராது. நான்தான் வேண்டுமென்றே தீர்க்கிறேன்.

காரியம் முடிந்து நீங்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஒரு நாள் அதைப் போட்டேன். வழக்கம் போல எதையும் மூடாமல் ஒன்றன் மேல் ஒன்றாகத் திறந்துகொண்டே போனேன். திடீரென்று அவள் பேசினாள்.

"கவனத்திற்கு, கவனத்திற்கு. இந்த மெஷினில் இடமே இல்லை." அது ஸ்டேஷன் குரல். எந்த ரயில் தாமதம் என்று மைக்கில் ஊருக்கே சொல்லுவாளே, அது. அப்புறம் ஒரு மூச்சு விட்டு, வீட்டுக் குரலில், "எதையாவது மூடுங்க. மூடிட்டு சாப்பிட வாங்க. கோவம் போதும்."

நாற்காலியிலிருந்து விழாத குறை.

உனக்குத் தெரியாது, கடைசி மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உன்னைப் பார்க்க வரவேண்டும் என்றாள். "பத்து நாள் கடைய மூடுங்க, தம்பியப் பாத்துட்டு வந்துடலாம்." நான் சொன்னேன், "கடை என்ன உன் ஸ்டேஷனா? நீ போனா இன்னொருத்தி வந்து கத்துவா. என் கடைக்கு யாரு வருவா?" அவள் வேலையைக் கத்துவது என்று சொல்லிவிட்டேன். அதோடு சரி. மேஜையில் சாப்பாடு இருக்கும், அவள் எழுந்து உள்ளே போயிருப்பாள். நானும் வீம்புக்கு அந்த மெஷின் பக்கமே போகவில்லை. எனக்காக அதில் பேசி வைத்துவிட்டு, இந்த மனுஷன் எப்போது சீட்டாட வந்து உட்காருவான் என்று காத்திருந்திருக்கிறாள். மைக் முன்னாலேயே சரிந்துவிட்டாள் என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் ஓடி வந்தபோது, நான் யாருக்கோ பவர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் குரல் வேறு எங்கேயும் இல்லையா என்று கேட்பாய். யார் யார் வீட்டுக் கல்யாண வீடியோவிலோ சிரித்துக்கொண்டு இருக்கிறாள். எனக்கென்று சொன்னது இது ஒன்றுதான்.

தினமும் நிரப்புகிறேன். அவளும் பேச ஆரம்பிக்கிறாள். பாதி நாள் மெஷின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. ஊருக்குச் சொல்வது முழுசாக வருகிறது. எனக்குச் சொல்ல வரும்போது நின்றுவிடுகிறது. அவள் சொல்லி முடிக்க வேண்டும், மச்சான். உன்னிடம் கேட்டது அதற்காகத்தான்.

இதைப் படித்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய். உன்னைப் பார்க்க வரமாட்டேன் என்றுதான் அவளோடு மல்லுக்கு நின்றேன் என்பதையும் படிப்பாய். எந்த முகத்தோடு இதை அனுப்ப?

அத்தான்

*

பிப்ரவரி 19

அன்பு மச்சானுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

சீட்டோடு பாட்டு, படம் வரைகிறது, கடிகாரம், இன்னும் கையில் கிடைப்பதெல்லாம் திறந்து வைக்கிறேன். மூடிப் பழக்கமில்லாத ஆள் என்றுதான் உனக்குத் தெரியுமே. நீ ஆரம்பி. அவசரமில்லை. ஆனாலும் சீக்கிரம்.

கால் வீக்கம் வற்றிவிட்டது.

உன் அத்தான்

*

ஏப்ரல் 24

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம், தூக்கம்தான் கடன். நீங்கள் நலமா? கால் வற்றிவிட்டது என்று எழுதினீர்கள், நம்பவில்லை.

முடித்துவிட்டேன்! இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னியுங்கள். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரமெல்லாம் இதுதான். புதுசை எழுதுவது சுலபம், பழையதுகளை அதில் குடிவைப்பதுதான் பெரும்பாடு. அந்தப் படம் வரைகிற புரோகிராம் இருக்கிறதே, மகா அடாவடி. யாரையும் கேட்காமல் கூடத்தில் ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போய் எழுதும். அதற்கென்று பழைய கூடம் மாதிரியே ஒரு பொய்க் கூடம் கட்டி, உள்ளே விட்டுப் பூட்டிவிட்டேன். தான் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சமர்த்தாக வரைகிறது.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "எதுக்குப்பா இதெல்லாம்? பழைய மெஷின்னா நிக்கத்தான் செய்யும்" என்று சண்டை போட்டார். "எங்க அத்தானுக்கு நிக்கக் கூடாது" என்றேன். மறுநாளிலிருந்து அவரும் கூட உட்கார்ந்துவிட்டார்.

இதோடு டிஸ்க் வைத்திருக்கிறேன். போடும் முன் ஒரே ஒரு வேலை. அக்காவின் ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்குகளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவள் செய்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது, ஒன்றுகூடப் போகக் கூடாது. சிஸ்டம் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பழைய சிஸ்டம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். பிறகு என் டிஸ்கைப் போட்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் "சரி" சொல்லுங்கள்.

இனி அந்த மெஷினில் இடம் இல்லை என்ற பேச்சே கிடையாது, அத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு

*

மே 15

அன்பு மச்சானுக்கு,

சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீ சொன்னபடியே செய்தேன். அவள் ஃபோல்டரை ஒரு எழுத்து விடாமல் எடுத்து வைத்தேன். கேட்டதற்கெல்லாம் "சரி" என்றேன். நிற்கவே இல்லை, நன்றாக ஓடுகிறது. உன் கைக்கு மோதிரம் போட வேண்டும்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இதை நிரப்புவது எப்படி? முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு திறந்தால் நிரம்பிவிடும். இப்போது எவ்வளவு திறந்தாலும் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

வேளைக்குத் தூங்கு.

உன் அத்தான்

*

ஜூன் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலம், பரம நலம்! நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்வியைக் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒரே சிரிப்பு. எத்தனையோ பேர் இதை நிரப்பப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். மெமரி தீர்ந்தால் பரண், பரணில் ஒரு மூலை தீர்ந்தால் அடுத்த மூலை. உங்களுக்கு ஒரு சவால் விடுகிறேன். முடிந்தால் நிரப்பிக் காட்டுங்கள். மெஷினில் உள்ள அத்தனையும் திறங்கள், ஒவ்வொன்றையும் பத்துத் தடவை திறங்கள். எவ்வளவு படுத்துகிறீர்களோ அவ்வளவு எனக்கு நல்லது, குறை இருந்தால் தெரிந்துவிடும்.

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் ஆடுங்கள்.

வாலு

*

ஜூன் 28

மச்சானுக்கு,

நீ நன்றாக இரு.

நீ சொன்னபடி தினமும் திறந்தேன். அத்தனையும், பத்துத் தடவை, இருபது தடவை. கடைக்குக்கூடத் தாமதமாகத்தான் போனேன். திரை முழுக்க ஜன்னல் ஜன்னலாகத் திறந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் பேசவில்லை.

பிப்ரவரியில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம் ஒன்று இதோடு இருக்கிறது. அதை முதலில் படி. அவள் ஃபோல்டரை எடுத்து வைத்திருக்கிறேனே, அதிலும் தேடிவிட்டேன். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அதில் இல்லை. அவளை எங்கே வைத்திருக்கிறாய், மச்சான்?

அத்தான்

*

ஜூலை 4

அத்தான்,

உங்கள் கடிதம் இன்று வந்தது. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கத்தான் வாய் வருகிறது.

மெஷினை உடனே அணையுங்கள். திறந்திருப்பதை மூடக்கூட வேண்டாம், சுவிட்சை அணையுங்கள். இனிப் போடவே போடாதீர்கள். பின்பக்கம் நான்கு திருகு இருக்கும். கழற்றினால் உள்ளே இரும்பு டப்பா மாதிரி டிஸ்க். துணியில் சுற்றி, பஞ்சு வைத்து எனக்கு அனுப்புங்கள். நான் பார்க்கிறேன்.

தைரியமாக இருங்கள்.

வாலு

*

செப்டம்பர் 12

அன்புள்ள அத்தானுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

கிடைக்கவில்லை, அத்தான்.

மெமரி தீர்ந்தால் பழைய சிஸ்டம் ஒரு "டிங்" அடிக்கும். அக்கா அந்த டிங்கை எடுத்துவிட்டுத் தன் குரலை அங்கே வைத்திருக்கிறாள். தன் ஃபோல்டரில் வைக்கவில்லை, சிஸ்டத்துக்கு உள்ளேயே வைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளி. என் டிஸ்க் பழைய சிஸ்டத்தை எடுத்துப்போட்டது, அவளும் அதோடு போய்விட்டாள். பழைய சிஸ்டம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் என்று நான்தானே எழுதினேன்? முழுக்க என் டிஸ்க் செய்த வேலை. நீங்கள் சொன்னதைச் செய்தீர்கள், உங்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை. வேறு எப்படியும் நினைக்காதீர்கள்.

லிஃப்ட் மெக்கானிக் பெரியவரும் நானும் அந்த டிஸ்கைத் துளித்துளியாக வாரினோம். குரல் இருந்த இடம் தெரிகிறது. அதில் குரல் இல்லை. அதற்கு முன்னால் சிஸ்டம் எழுதி வைக்கிற ஒரு குறிப்பு மட்டும் தப்பியிருக்கிறது. இன்ன ஒலி, இவ்வளவு நீளம். நீளம் மட்டும்தான் மிச்சம், அத்தான். ஆபீசிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உங்களுக்காக மட்டும் ஒன்று செய்திருக்கிறேன். டிஸ்கோடு சேர்த்து அனுப்புகிறேன். இதில் பரணே கிடையாது. முன்பு மாதிரி பத்துப் பன்னிரண்டில் நிரம்பும். நிரம்பினால், அக்கா பேசிய நேரம் முழுக்கச் சும்மா இருக்கும். ஒரு சத்தமும் வராது. ஆனால் நடுவில் நிற்காது, அதற்கு நான் பொறுப்பு. வேண்டாமென்றால் போட வேண்டாம்.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

வாலு

*

அக்டோபர் 5

அன்பு வாலுவுக்கு,

நான் சாப்பிட்டேன், மாத்திரையும் போட்டுக்கொண்டேன். நீயும் சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து முதலிலிருந்து படித்தேன். டிஸ்கில் எங்கே காலியோ அங்கே வைக்கும் என்று பிப்ரவரியிலேயே எழுதியிருக்கிறாய். அவளை எடுத்துப்போட்ட இடம்தானே காலி? அந்த ஜூன் மாதம் முழுக்க நான் திறந்த ஒவ்வொன்றும் அவள் மேலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. திறக்காமல் இருந்திருந்தால் நீ வாரி எடுத்திருப்பாய். கண்ணாடி தேய்க்கிறவனுக்கு இது புரியாது என்று நினைத்தாயா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மொத்தத்தையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். அவளுக்குத் தம்பி என்று காட்டிவிட்டாய். அன்றைக்கு அந்தக் கடிதத்தை நான் அனுப்பியிருந்தால், அவளை எடுத்து வைப்பது உனக்கு ஒரு மணி நேர வேலை. போகட்டும். நீ அழாதே.

டிஸ்கைப் போட்டேன். நேற்றுக் கடை சாத்தியதும் உட்கார்ந்து திறந்தேன். சீட்டு, பாட்டு, கடிகாரம், அந்த அடாவடிப் படக்காரன், எல்லாம். பன்னிரண்டாவதில் நிரம்பியது. அப்படியே சும்மா இருந்தது.

எனக்கு அது மனப்பாடம், மச்சான். கவனத்திற்கு, கவனத்திற்கு என்று அவள் ஊருக்குச் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் அந்த மூச்சு. அப்புறம் எனக்குச் சொல்வது. நடுவில் நிற்கவில்லை, முழுசாகச் சொல்லி முடித்தாள். "இதோ மூடிட்டேன், வரேன்" என்று வாய்விட்டே சொன்னேன். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்துபோய்த் தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டேன். எதிரே அவள் நாற்காலியை ஏன் இழுத்துப் போட்டேன் என்று தெரியவில்லை.

இன்று காலையில் டிக்கெட் எடுத்துவிட்டேன், இருபதாம் தேதி அங்கே வருகிறேன். ஸ்டேஷனில் வேறு யாரோ ஒருத்தி பேசுகிறாள், பாவம், நன்றாகத்தான் பேசுகிறாள். பதினெட்டாம் தேதியிலிருந்து பத்து நாள் கடை இல்லை என்று கதவில் ஒட்டினேன். கண்ணாடி வாங்க வந்தவர், "நீங்ககூடக் கடைய மூடுவீங்களா?" என்று சிரித்தார். ஷட்டரை இழுத்து, பூட்டைப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான் வேலை, மச்சான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

குளிருக்கு என்ன எடுத்து வர வேண்டும் என்று எழுது.

உன் அத்தான்